வாய்ப்பக்கம் தலைவைத்த மடவைகள்

பிப்ரவரி 9

அண்ணா,

மீன் வயிறு வைத்து அனுப்பும் ஜாடிகள் பன்னிரண்டும் காலியாக இந்தப் பெட்டியில் இருக்கின்றன. போனை எடுத்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. நீதான் எடுக்கமாட்டாயே! பதினான்கு மாதமாக உன் போன் மணி அடித்து அடித்து ஓய்கிறது. தப்பித்தவறி எடுத்தாலும் உன் பக்கத்து மேசை மெக்கானிக்தான் பேசுகிறார். "அவரு கையெல்லாம் கிரீஸும்மா, கழுவிட்டுப் பேசறாராம்." பதினான்கு மாதமாகவா கை கழுவுகிறாய்?

சரி, வேலையைச் சொல்கிறேன். ஏப்ரல் இருபதாம் தேதி மீன்வளக் கமிட்டி கூடுகிறது. அங்கே நான் படிக்க வேண்டியதை உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன். கேட்காவிட்டாலும் தலையையாவது ஆட்டு.

அணையில் தண்ணீரை நிறுத்துவதற்கு முன்னால், கழிமுகத்துக் கொடுவா மீன்களின் வயிற்றைத் திறந்தால் பத்தில் எட்டில் மடவை மீன் குஞ்சும் இறாலும் இருக்கும். பிறகு மடவை குறைந்தது. கொடுவா அடிமண்ணுக்கு இறங்கி நண்டைத் தின்றது. அப்புறம் கெளுத்தி, அதன் முள் வயிற்றுச் சுவரையே குத்திக் கிழித்திருந்தது. அப்புறம் தன் குஞ்சுகளையே தின்றது. போன மழைக்காலத் தொடக்கத்தில் வெறும் வயிறுகள்தான் அதிகம் வந்தன. பாதிக்கு மேல் வெறும் வயிறு என்று நான் எழுதிக் கொடுத்தால் கழிமுகத்தை இரண்டு வருஷம் மூடிவிடுவார்கள். ஒரு படகும் உள்ளே போகக்கூடாது, நம் படகும்தான். இதை நவம்பரிலேயே உனக்கு எழுதினேன்.

ஆனால் அந்த நவம்பரிலிருந்து நீ அனுப்பும் வயிறுகளில் மறுபடி மடவை நிறைந்திருக்கிறது. எங்கள் மீன் ஆய்வு நிலைய இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. "ஆறு பொழச்சிடுச்சும்மா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். இப்படியே போனால் மூட வேண்டியிருக்காது. உனக்கு நல்ல சேதிதான்.

எனக்கு மட்டும் ஏனோ சந்தோஷம் வரவில்லை. அதற்கு லேபிள்களும் காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு ஜாடியிலும் அண்ணியின் கையெழுத்து. அந்த 'க'வுக்கு அவர் போடும் கொக்கி. ஆற்றோடு போனவர் வாரா வாரம் எனக்கு எழுதிக்கொண்டிருப்பது போல இருக்கிறது. மூடியைத் திறக்கும் முன் லேபிளை அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிடுகிறேன், அண்ணா. இனி நீயே எழுதேன்.

தங்கை

---

பிப்ரவரி 17

சில்வண்டு,

ஜாடிகள் வந்தன. ஒன்றில் விரிசல். லாரிக்காரனிடம் சொல்லிவிட்டேன், அவன் கேட்கிற ஜாதியில்லை.

கமிட்டிக்கு நீ படிக்கப்போவதைப் படித்தேன். தலையும் ஆட்டினேன். ஆறு சீக்காளி மாதிரி படுத்துக் கிடந்தது, இப்போது எழுந்து உட்கார்ந்திருக்கிறது. அதை நான் கண்ணால் பார்க்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஆற்றை மூடுவது அலமாரியை மூடுவது மாதிரி. நீ ரொம்ப மூக்கை நுழைக்காமல், எண்ண வேண்டியதை எண்ணி எழுதிக் கொடு. கழிமுகத்தை மூடக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

லேபிளை மாற்றமாட்டேன். என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறதென்று உன் அண்ணி ஒரே மூச்சில் உட்கார்ந்து ஆயிரம் லேபிள் எழுதி ரப்பர் பேண்டு போட்டு வைத்தாள். அந்த லேபிள் கட்டு இன்னும் தீரவில்லை. இருக்கிற வரை அதுதான் போகும்.

போனைப் பற்றிக் கேட்டாய். போனில் உன் குரல் கேட்டால் எனக்கு உன் அண்ணி போன அந்தக் காலை ஞாபகம் வருகிறது. கிரீஸ் எல்லாம் சும்மா.

அண்ணன்

---

மார்ச் 3

அண்ணா,

போனைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அதைப் பற்றி இப்போது எழுதப் போவதில்லை. வேறொன்று கேட்க வேண்டும், சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்.

இந்த வாரப் பெட்டியில் பன்னிரண்டு வயிறுகள். பதினொன்றில் மடவை, வயிற்றுக்கு ஒன்று. வயிற்றை நீளவாக்கில் கீறி, உள்ளே இருப்பதைக் கலைக்காமல் பார்ப்பது எங்கள் வழக்கம். கொடுவா இரையைத் தலையிலிருந்துதான் விழுங்கும். வாலிலிருந்து விழுங்கினால் செதிலும் துடுப்பும் தொண்டையில் குத்தும். நூற்றில் ஒன்றிரண்டு மாறிப் போகலாம். அப்படியென்றால் இரையின் தலை குடல் பக்கமும் வால் கொடுவாவின் வாய்ப்பக்கமும் இருக்க வேண்டும்.

உன் பதினொன்றும் தலைகீழ். எல்லா மடவையும் வாய்ப்பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கின்றன. வந்த வழியே வெளியே போகப் பார்க்கிறது போல. முதலில் எனக்குப் பயம்தான் வந்தது. மேசையை விட்டு எழுந்து ஜன்னலிடம் போய் நின்றேன். கோபம் அப்புறம்தான் வந்தது.

திரும்ப வந்து உருப்பெருக்கியில் பார்த்தேன். செதில் ஒன்றுகூட உதிரவில்லை. கொடுவா வயிற்றில் நாலைந்து மணி நேரம் கிடந்தாலே தோல் கரைந்து கொழகொழவென்று ஆகிவிடும். கண்களைப் பார்த்தால் ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் கிடந்த மீனின் கண். எடுத்து வைத்திருந்த பழைய மாதிரிகளையும் பார்த்தேன். மூன்று மாதமாக இதே கதை. வயிற்றின் இரண்டு முனையிலும் நூல் முடிச்சு இருக்கும். மேல் முடிச்சு நீ படகில் போடுவது. கீழ் முடிச்சை மட்டும் யாரோ அவிழ்த்து மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

நீ கீழேயிருந்து, குடல் பக்கமாக, மடவையைத் திணித்திருக்கிறாய். கீழேயிருந்து தலையை முன்னால் விட்டுத் தள்ளினால் அது வாய்ப்பக்கம்தான் பார்க்கும். வயிற்றை அறுத்துக் கட்டத் தெரிந்த உனக்கு இது தோன்றவில்லையா? யார் காதில் பூ சுற்றுகிறாய்?

படகை உள்ளே விடுவதற்காக இப்படிச் செய்வாயா? மிச்சமிருக்கும் மடவையையும் அரித்து எடுத்துவிட்டால் அந்தக் கொடுவாக்கள் எதைத் தின்னும்? நான் கையெழுத்துப் போட்டால் பொய். போடாவிட்டால் நீ மாட்டுவாய். எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. பதில் எழுது.

தங்கை

---

மார்ச் 8

ஆமாம். நான்தான் திணித்தேன். சந்தையில் ஐஸ் பெட்டியில் வேறு ஊர் மடவை வருகிறது, அதை வாங்கி.

ஏன் என்று கேட்காதே. கேட்டாலும் சொல்லமாட்டேன். உன் இயக்குநரிடம் சொல்ல வேண்டுமென்றால் சொல். ஜாடிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், வேறு ஆளைப் பார்த்துக்கொள். எழுதாதே.

---

மார்ச் 24

அண்ணா,

எழுதாதே என்று சொன்னால் எழுதாமல் இருக்க நான் உன் பட்டறை எடுபிடி இல்லை. ஜாடிகளும் திரும்ப வருகின்றன. நீ மறுபடி அனுப்பினால் நானும் மறுபடி அனுப்புவேன். லாரிக்காரன் நம் இரண்டு பேரையும் ஒரு நாள் கேட்பான், அப்போது நீ பதில் சொல்லிக்கொள்.

நீ பேசாததை நான் பேசுகிறேன். அந்தக் காலையில் போன் செய்தது நான்தான். ஏழு மணி இருக்கும். அண்ணிதான் எடுத்தார். "தண்ணி செம்மண்ணா ஓடுது, மரக்கிளையெல்லாம் வருது. வயிறு எடுக்க நாளைக்குப் போறேனே" என்றார். "ஒரு வாரம் விட்டா மூணு வருஷக் கணக்கு வரிசை அறுந்துடும் அண்ணி. கரையோரமாவே வலையைப் போட்டுட்டு வந்துடுங்க" என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார். "உங்க வீட்ல எல்லாருக்கும் வேலைதான் பெருசு, மனுஷங்க அப்புறம்தான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உன்னையும் சேர்த்துத்தான் கிண்டல் செய்தார்.

படகு மட்டும் கிடைத்தது. நீ போலீசிடமும் சொல்லவில்லை, அவருடைய அம்மாவிடமும் சொல்லவில்லை. நான் போன் செய்தேன் என்பது இன்றுவரை உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதற்கு நன்றி சொல்வதா, ஏன் காப்பாற்றினாய் என்று சண்டை போடுவதா, தெரியாமல் பதினைந்து மாதம் ஓடிவிட்டது. என்னைத் திட்டிவிடு. நேரில் வந்து நாலு பேர் முன்னால் திட்டினாலும் சரி.

ஆனால் ஒன்று. அந்த வரிசை அறுந்துவிடக் கூடாதென்றுதான் அவர் போனார். அதில் பொய்யை ஏற்ற விடமாட்டேன். நீயாக இருந்தாலும் விடமாட்டேன். ஏன் செய்தாய் என்று சொல்.

தங்கை

---

ஏப்ரல் 6

சில்வண்டு,

இது நாலாவது தாள். மூன்றைக் கிழித்துப் போட்டேன்.

முதலில், உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. முந்தின நாள் சாயங்காலம் படகின் இன்ஜினைக் கழற்றி என் மேசையில் பரப்பி வைத்தது நான். "காலையில மாட்டிடுவேன்"னு சொன்னேன். காலையில் அவசர வேலை என்று வேறொருவன் இன்ஜினில் கையை வைத்தேன். உன் அண்ணி பட்டறைக்கு வந்து என் முன்னால் நின்றாள். "ஆச்சா?" என்று கேட்டாள். "மதியம் ஆயிடும், அதுவரைக்கும் சும்மா இரேன்" என்றேன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். துடுப்பை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். இன்ஜின் இருந்திருந்தால் அந்த இழுப்பை எதிர்த்துக் கரை ஏறியிருப்பாள். நீ போன் செய்ததை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்தது உன்னைக் காப்பாற்ற இல்லை. உன்னைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம் வரும். அந்தக் கோழைத்தனம்தான்.

இப்போது மீன் விஷயம்.

அவள் போன மறுவாரமே நான் வயிறு எடுக்கப் போனேன், ஞாபகம் இருக்கிறதா? எப்படித்தான் இவனுக்கு மனசு வந்ததோ என்று ஊரே பேசியது. வேலைக்காகப் போகவில்லை. கொடுவா இப்போதெல்லாம் கண்டதையும் தின்கிறது என்று நீதானே எழுதியிருந்தாய்? ஒரு பொத்தான், ஒரு கொக்கி, அவள் காதில் போட்டிருந்தது, ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்று போனேன். அப்புறம் இன்னொன்று தோன்றியது. நான் வயிறுகளை அப்படியே கட்டி அனுப்பினால் அதைக் கண்டெடுப்பது நீயாக இருக்கும். அந்த அறையில், தனியாக, கையில் கத்தியோடு.

அதனால் முதல் வாரத்திலிருந்தே எல்லா வயிற்றையும் நான் திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். மீன் வாய்வழியே கக்கிவிடாமல் மேல் முடிச்சைப் படகிலேயே போட்டுவிட வேண்டும் என்று உன் அண்ணி சொல்லிக் கொடுத்திருந்தாள். அதில் கை வைக்க மனசு வரவில்லை. கீழே அவிழ்த்து, இருப்பதை ஒரு தட்டில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, திரும்ப அப்படியே போட்டுக் கட்டுவேன். எண்ணூறு பக்கம் இருக்கும். ஆறாவது மாதம் ஒன்றில் நீலமாக ஒரு துண்டு கிடைத்தது. அவள் அன்று நீலம்தான் உடுத்தியிருந்தாள். மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வேலை செய்யும்போது அடிக்கடி தொட்டுப் பார்ப்பேன். நாலாம் நாள் கழுவினேன். எழுத்து தெரிந்தது. சிமெண்ட் மூட்டை. அன்றைக்குச் சிரித்தேன் பார், மெக்கானிக் பயந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

நவம்பரில், மூடிவிடுவார்கள் என்று எழுதினாய். மூடினால் நான் எப்படித் தேடுவேன்? அதனால் திணித்தேன். அவளுடைய பழைய நோட்டில் பார்த்து, அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய மடவை இருந்ததோ அந்த அளவில் வாங்கித் திணித்தேன். தலை எந்தப் பக்கம் என்று நோட்டில் இல்லை.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், ஆற்றில் ஒன்றுமே இல்லை. மூன்று மாதமாக நான் திறந்ததில் முக்கால்வாசி வெறும் வயிறு. ஒவ்வொரு வெறும் வயிற்றையும் பார்க்கும்போது அப்பாடா என்று இருக்கும். உடனே அழுகை வரும். இரண்டில் எது நிஜம் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் இஷ்டப்படி செய். ஆனால் மூடாமல் இருக்க வழி இருந்தால் பார்.

அண்ணன்

---

ஏப்ரல் 21

அண்ணா,

வழி இல்லை. பார்க்கவும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்மேல் கோபப்பட்டுக்கொண்டே மீதியைப் படி.

நேற்று கமிட்டியில் நவம்பருக்குப் பிறகு வந்த எல்லா எண்களையும் அடித்துவிட்டேன். மாதிரிகளில் கை வைக்கப்பட்டிருக்கிறது, பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கு முந்தைய மாதங்களே போதுமானதாக இருந்தன. மே முதல் தேதியிலிருந்து கழிமுகம் மூடல், இரண்டு வருஷம்.

இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாதிரி எடுக்கிறது உங்க அண்ணன்தானே?" என்றார். ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் பேனாவை மூடித் திறந்து மூடினார். "அவர்மேல நான் எதுவும் எழுதலைம்மா. ஆனா இந்த வேலையில நீங்க இனிமே இருக்க முடியாது" என்றார். மாதம் முடியும் வரைதான் அந்த மேசை எனக்கு. எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்லி நல்லவள் வேஷம் போடமாட்டேன்.

இப்போது நீ எழுதியதற்கு வருகிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் உனக்கு ஒரே வரியில் பதில் எழுதியிருக்கலாம். அந்த வரியை எழுதத்தான் இத்தனை நாளாயிற்று.

நானும் தேடினேன்.

முதல் ஜாடியிலிருந்து. அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். சக ஊழியர்கள் நான் ரொம்பக் கவனமாக வேலை செய்கிறேன், சத்தம் ஆகாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அளவுகோலை எடுக்கமாட்டேன், தராசைத் திறக்கமாட்டேன். கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் வயிறு முழுக்கத் தடவிப் பார்ப்பேன். கடினமாக ஏதாவது தட்டினால் உயிர் போய் உயிர் வரும். நண்டின் கொடுக்காக இருக்கும். பன்னிரண்டையும் தடவி முடித்த பிறகுதான் எண்ண உட்காருவேன். கொடுவா கடித்துத் தின்னும் மீன் இல்லை, வாய்க்குள் போவதை விழுங்கும் மீன். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கூட்டத்தில் யாராவது கேட்டால் நானே சிரித்துக்கொண்டே விளக்குவேன். அறைக்கு வந்து கையுறையைக் கழற்றுவேன்.

கிடைத்திருந்தால் உனக்குச் சொல்லியிருக்கமாட்டேன். உன்னிடமிருந்து மறைத்து எங்கே வைப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். நீ எனக்குத் தெரியாமல் பார்த்து எடுத்த பிறகு, நான் உனக்குத் தெரியாமல் அதே வயிற்றைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன். எண்ணூறு வயிறு, அண்ணா. இரண்டு தடவை.

இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அண்ணியின் வரிசையில் கடைசி எண் உண்மையாக இருக்க வேண்டும். ஒரே ஒரு ஜாடி போதும். திறக்காமல் அனுப்பு.

தங்கை

---

ஏப்ரல் 27

சில்வண்டு,

கோபப்பட்டேன். இரண்டு நாள் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மெக்கானிக்கிடம்தான், அவர் பாவம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு "நானும் தேடினேன்" என்ற வரியைத் திரும்பப் படித்தேன். அதற்கப்புறம் திட்ட வரவில்லை.

இன்று காலை போனேன். தண்ணீர் தெளிந்து, அடிமணல் தெரிகிற அளவுக்குக் குறைந்து கிடந்தது. கழிமுகத்தில் ஒரு படகு இல்லை, கரையில் மூடல் அறிவிப்புப் பலகை நட ஆட்கள் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். நாலு முறை வலை வீசியும் ஒன்றும் வரவில்லை. ஐந்தாவதில் ஒரு கொடுவா, பெரியது, ஆனால் தலைக்கும் உடம்புக்கும் சம்பந்தமில்லாமல் மெலிந்திருந்தது. பசித்த மீன். என்னை ஒரு கண்ணால் பார்த்தது. நானும் பார்த்தேன்.

படகிலேயே மேல் முடிச்சு போட்டேன். வயிற்றை எடுத்துக் கீழ் முடிச்சும் போட்டேன். கத்தி கையில்தான் இருந்தது. அமுக்கிக்கூடப் பார்க்கவில்லை. சத்தியமாக.

இத்தனை நாளாக வயிற்றை எடுத்த பிறகு மீனைத் தண்ணீரிலேயே போட்டுவிடுவேன். விற்க மனசு வராது. எங்கள் தெருவில் யாரும் கழிமுகத்து மீன் வாங்குவதும் இல்லை, ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. அவள் போன பிறகு நான் வீட்டில் மீன் என்றே சமைத்ததில்லை. இன்று இதைத் தூக்கிப் போட முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்து, கழுவி, உப்பும் மிளகாயும் போட்டு வேகவைத்து, தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வாய் இறங்கவில்லை. அவள் பெயரைச் சொல்லி அழுதேன். அப்புறம் முழுவதையும் தின்றேன். அருவருப்பாக இருந்தால் சொல். எனக்கு அப்படி இல்லை.

ஜாடி மேசைமேல் இருக்கிறது. இதை லாரியில் அனுப்பமாட்டேன். அந்த அறையில் நீ தனியாகத் திறக்க வேண்டாம், நான் இங்கே தனியாகக் காத்திருக்கவும் வேண்டாம். உள்ளே எது இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும், இரண்டு பேரும் ஒன்றாகப் பார்ப்போம். வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். பஸ் நிலையத்துக்கு வந்து நில், எனக்கு உன் ஊரில் வழி தெரியாது.

அண்ணன்